பெரிய சிவப்பு, சின்ன சிவப்பு

முதலில் இரும்பு விழுந்த சத்தம். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் கழித்து, கண்ணாடி மொத்தமாகச் சரிந்த சத்தம். கீழ்த்தளத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

அக்காவும் தம்பியும் அப்போது மாடிப்படியில் பாதி ஏறியிருந்தார்கள். அக்காவின் தோளில் காலியான கறுப்புப் பை தொங்கியது. தம்பி கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வந்தான். சத்தம் கேட்டதும் சாவி நின்றது. இருவருக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது.

"அதுவா இருக்காது," என்றான் தம்பி.

"ஏறு," என்றாள் அக்கா.

அதுவேதான். ஜிம்மின் நடுவில், பெஞ்சின் மேல் பல் டாக்டர் ஒருக்களித்துக் கிடந்தார். வலது தோளை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். எடை தூக்கும் ராடு அவர் வயிற்றின்மேல் கோணலாகச் சாய்ந்திருந்தது. அதன் வலது முனையில் கனத்துக்கு மாட்டும் பிளேட் இல்லை. அது கழன்று, தரையில் உருண்டு, சுவர் முழுக்க இருந்த கண்ணாடியை இடித்துவிட்டுத்தான் நின்றிருந்தது. இடது முனையில் மாட்டிய பெரிய சிவப்பு பிளேட் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது.

பக்கத்தில் கணக்கு டீச்சர் நின்றார். ஜிம்முக்குப் புதிதாக வந்தவர்.

"இந்தப் பக்கம் நான்தான் மாட்டினேன். டாக்டர் ஒரு பக்கம் மாட்டினார், இந்தப் பக்கம் என்னை மாட்டச் சொன்னார். நான்தான் மாட்டினேன்," என்று யாரும் கேட்காமலேயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் டாக்டரைச் சுற்றிக் கூடினார்கள். ஜிம் ஓனர் மட்டும் கண்ணாடியைச் சுற்றிக் கூடினார்.

"கண்ணாடித் துண்டு கிடக்கு. எல்லாரும் ரெண்டடி தள்ளி நில்லுங்க," என்றான் தம்பி. வீடியோவில் பேசும் அதே குரல். எல்லோரும் தள்ளி நின்றார்கள். அந்தக் குரல் சொன்னால் கேட்டுப் பழகியிருந்தார்கள்.

அவன் ராடைத் தூக்கி டாக்டரின் மேலிருந்து எடுத்தான். சுவர்ப் பக்கம் திரும்பி, தன் முதுகை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு, அந்தச் சிவப்பு பிளேட்டை உருவினான். அக்கா பையை விரித்துப் பிடித்தாள். பிளேட் பைக்குள் போனது. ஜிப் மூடியது. ஸ்டாண்டிலிருந்து உள்ளங்கையளவு சின்ன சிவப்பு பிளேட் ஒன்றை எடுத்து அவன் ராடில் செருகினான். யாரோ ஐஸ் பை கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"பெரிய சிவப்பு மாட்டுறதுக்குப் பதிலா சின்ன சிவப்பை மாட்டியிருக்காங்க," என்றான் உரக்க.

டீச்சர் எட்டிப் பார்த்தார். ராடில் சின்ன சிவப்புதான் இருந்தது.

"ஐயோ," என்றார், மெதுவாக.

ஜிம்முக்குப் போகாதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. பிளேட்டுகளுக்கு நிறம் உண்டு. சிவப்பு என்றால் இருபத்தைந்து கிலோ. கார் ஸ்டீயரிங்கைவிடப் பெரிது. ஆனால் இரண்டரைக் கிலோவுக்கும் அதே சிவப்புதான். அது டீ சாஸர் அளவு. புதிதாகச் சேருபவரிடம் போய் "அந்தச் சிவப்பை எடுங்க" என்று சொல்லி, அவர் எதை எடுக்கிறார் என்று பார்த்துச் சிரிப்பது பழைய ஜிம் வேடிக்கை. அதனால், புதிதாக வந்த ஒரு கணக்கு டீச்சர் குழம்பிவிட்டார் என்று சொன்னால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். கேட்கவில்லை.

தம்பியை அந்த ஊரில் பெற்றவர்கள் வைத்த பெயரால் கூப்பிடுபவர்கள் குறைவு. ஃபாலோயர்களுக்கு அவன் 'ஒழுங்கு அண்ணன்'. ஜிம்மில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வீடியோ போடுபவன். வேர்வை சிந்திய பெஞ்சைத் துடைக்காமல் போகிறவர், ஒரே மெஷினில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறவர், டம்பெல்லைத் தடாலென்று போடுகிறவர், கேட்காமலே புத்தி சொல்லுகிறவர் என்று ஒருவர் விடாமல் வெளுத்து வாங்குவான். எல்லா வீடியோவும் ஒரே மாதிரி இருக்கும். முதலில் பார்ப்பவர் கண் பிதுங்கும்படி ஒரு கனத்தைத் தூக்குவான். அப்புறம் யாருடைய ஒழுங்கீனத்தையாவது பிடித்து உலுக்குவான். கடைசியில், தூக்கிய பிளேட்டுகளைத் தானே கழற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சொல்லுவான்: "எடுத்ததை எடுத்த இடத்துல வை."

பள்ளிப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றும்போதுகூட அதைச் சொன்னார்கள்.

தூக்க முடியாதவன் சொன்னால் ஒழுங்கை எவன் கேட்பான் என்பது தம்பியின் கட்சி. அதில் தப்பில்லை. போன வருஷம் அவனுக்கு முதுகில் வட்டு விலகியது. கொஞ்ச காலம் கனமே தூக்கக்கூடாது என்றார் எலும்பு டாக்டர். அவன் கேட்கிற ஆள் இல்லை. ஒளித்து ஒளித்துத் தூக்கினான். ஒருநாள் செருப்பு மாட்டக் குனிந்தவன் நிமிர முடியாமல் அப்படியே நின்றான். அன்றைக்குத்தான் அக்கா சொன்னாள், "கொஞ்ச நாளைக்கு டம்மி வெச்சு எடுப்போம்டா. யாருக்குத் தெரியப் போவுது?"

யோசனை அவளுடையது. கைவேலை அவள் கணவருடையது. அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவர். ஃபோமை வட்டமாக வெட்டி, மேலே ரப்பர் ஷீட்டை இழுத்து ஒட்டி, எண்ணையும் எழுத்தையும் மேடாக வார்த்து, நாலு பெரிய சிவப்பு பிளேட் செய்து கொடுத்தார். ஓரத்தில் பழசு மாதிரி கீறல்கூடப் போட்டிருந்தார். ஒரு குழந்தை சுண்டு விரலில் மாட்டிக்கொண்டு ஓடலாம்.

"ஒரிஜினலைப் பக்கத்துல வெச்சா அதுதான் டூப்ளிகேட் மாதிரி இருக்கும்," என்று சொல்லிக்கொண்டார்.

முதுகு சரியானது. ஆனால் அதற்குள் ஃபோம் பிளேட்டுகள் அவனைவிட வெகுதூரம் முன்னால் போயிருந்தன. நிஜமாகத் தூக்கினால் பழைய கனம்கூட வரவில்லை. இனி இறங்கி வருவது எப்படி என்று இருவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாள் என்பது நீண்டுகொண்டே போனது.

ஜிம்மில் ஆள் இல்லாத மதிய நேரத்தில்தான் படம் பிடிப்பார்கள். கடைசிக் காட்சிக்காகத் தம்பி டம்மி பிளேட்டுகளை ஸ்டாண்டில் வைப்பான். காட்சி முடிந்ததும் அக்கா அவற்றை ஸ்டாண்டிலிருந்து எடுத்துப் பையில் போடுவாள். அன்று மூன்றை எடுத்துவிட்டாள். நாலாவதை எடுக்கப் போனபோது பல் டாக்டர் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஸ்டாண்டின் முன்னால் நின்று கையைச் சுழற்றிக்கொண்டே, "உங்க தம்பி வீடியோவை என் பேஷண்ட்டுக்கெல்லாம் காட்டறேம்மா, வாயைத் திறந்து வெச்சுக்கிட்டே பாக்கறாங்க," என்று பேச ஆரம்பித்தார். அவர் கண்ணெதிரே இருபத்தைந்து கிலோவை ஒரு பெண் ஒரு கையால் தூக்கிப் பையில் போட முடியாது. சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருவரும் இறங்கிப் போனார்கள்.

டாக்டர் கைச்சுழற்சி, கால்நீட்டல், அரட்டை என்று நேரத்தைக் கடத்தினார். ஆட்கள் வரத் தொடங்கிய பிறகுதான் பெஞ்சுக்கு வந்தார். பக்கத்தில் இருப்பவர் மறுபக்கம் பிளேட் மாட்டி உதவுவது ஜிம் வழக்கம். அதையும் ஒரு வீடியோவில் சொல்லிக் கொடுத்தது ஒழுங்கு அண்ணன்தான். டீச்சர் கைக்குக் கிடைத்தது அந்த நாலாவது பிளேட்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது தம்பி அக்கா வீட்டில் இருந்தான்.

"எண்ணு எதுவும் உரியலையே?" என்று கேட்டார் அக்காவின் கணவர். பிளேட்டை மடியில் வைத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டருக்குத் தோள் பிசகியிருக்கு," என்றாள் அக்கா.

"அதை நான் கேக்கலையா? கேட்டேனே. ரெண்டு மூணு வாரம் கையைக் கட்டிப் போடணுமாம். நல்ல வேளை, பல்லைப் பிடுங்க இடது கையும் இருக்கு."

"மாமா, சும்மா இருங்க," என்றான் தம்பி. "நாளைக்கே ஆளாளுக்குப் பேச ஆரம்பிப்பாங்க. பெரிய பிளேட் மாதிரி இருந்துச்சேன்னு யாராவது ஒருத்தன் சொல்லுவான். அதுக்கு முன்னாடி நாம சொல்லிடணும். ஓனர்கிட்ட சிசிடிவி வாங்கிட்டேன். டீச்சர் மாட்டறது முதுகுப் பக்கம்தான் தெரியுது, பிளேட் தெரியல. ஒரு ரீல் போட்டுடலாம். 'நிறத்தைப் பாக்காதே, எடையைப் பார்.' எப்படி இருக்கு?"

"அந்தம்மாவை வீடியோவுல போட்டு மாட்டி விடப் போறியா?" என்றாள் அக்கா.

"முகத்தை மறைச்சுடு. பேரு ஊரு எதுவும் வேண்டாம். ஒழுங்குக்காகத்தானே சொல்றோம்."

அக்காவுக்கு வேலை ஒரு போட்டோ ஸ்டூடியோவில். பாஸ்போர்ட் படங்களில் பருவை எடுப்பாள், சட்டைக் காலரை நேராக்குவாள், தூங்கி வழியும் கண்ணைத் திறந்து வைப்பாள். டீச்சரின் முகத்தை மறைப்பது அவளுக்குப் பெரிய காரியமில்லை. மறைத்தாள். ஆனால் டீச்சரின் கொண்டை மறையவில்லை. இடது தோள் கொஞ்சம் தாழ்ந்த அந்த நடையும் மறையவில்லை. ரீல் வெளியான மறுநாள் காலை, பள்ளி வாசலில் மணி அடிப்பதற்குள் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

அக்காவின் மகள் அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"போர்டுல யாரோ பெருசா ஒரு வட்டம், சின்னதா ஒரு வட்டம் போட்டு வெச்சிருந்தாங்கம்மா. கணக்கு டீச்சர் உள்ளே வந்ததும் பின்னாடி பெஞ்சுல இருந்து ஒருத்தன், 'டீச்சர், இதுல எது பெருசு?'ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ?"

"நானும்தான். வந்துடுச்சு."

"டீச்சர் என்ன பண்ணாங்க?"

"அவங்களும் சிரிச்சாங்க. அப்புறம் போர்டை அழிச்சாங்க. அழிச்ச இடத்தையே அழிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் திரும்பாம நின்னாங்க."

அக்கா தட்டில் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். மகள், "மாமா ரீலைப் பாத்தியா, லைக் எங்கேயோ போயிட்டிருக்கு," என்றாள். அவளுக்கு டம்மி விஷயம் தெரியாது.

அந்த வாரக் கடைசியில் டீச்சர் ஸ்டூடியோவுக்கே வந்தார். அக்கா கம்ப்யூட்டரில் ஒரு மனிதரின் இரட்டைத் தாடையை ஒற்றையாக்கிக்கொண்டிருந்தாள்.

"போட்டோவா டீச்சர்?"

"இல்லம்மா. உன்னைப் பாக்கத்தான்." பாஸ்போர்ட் படத்துக்கு உட்காரும் ஸ்டூலில் டீச்சர் உட்கார்ந்தார். பின்னால் வெள்ளைத் திரை. "உன் தம்பிகிட்ட சொல்லி அந்த வீடியோவை எடுக்க முடியுமான்னு கேக்க வந்தேன். தப்பு என்னோடதுதான், அவரைக் குறை சொல்லல. முகத்தைக்கூட மறைச்சுத்தான் போட்டிருக்கார். ஆனா பெத்தவங்க சிலர் ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட போயிருக்காங்க. பெருசு சின்னது தெரியாதவங்க பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கறதான்னு. திங்கட்கிழமைக்குள்ள இது அடங்கலைன்னா அந்த வகுப்பை வேற ஆள்கிட்ட குடுத்துடுவோம்னு சொல்லிட்டாங்க."

"அடங்கிடும் டீச்சர்," என்றாள் அக்கா. மவுஸைப் பிடித்த கை தாடையை இன்னும் கொஞ்சம் இழைத்தது.

"எத்தனையோ வருஷமா அந்த வகுப்புதான். அது போச்சுன்னா, ஸ்டாஃப் ரூம்ல என் மூஞ்சியை யாரும் நேரா பாக்க மாட்டாங்க. பாவம்னு பாப்பாங்க. அது இன்னும் மோசம்."

"பேசறேன் டீச்சர்."

டீச்சர் எழுந்தார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் பிடிபடல. பெரிய பிளேட்டை எடுத்த மாதிரிதான் ஞாபகம். ரெண்டு கையாலயும் பிடிச்சு, மூச்சைப் பிடிச்சு இழுத்தேன். சட்டுனு வந்துடுச்சு. அப்புறம் ஒரு கையிலேயே தூக்கி மாட்டினேன். எலும்பு தேயுதுன்னு டாக்டர் பயமுறுத்தித்தான் ஜிம்முக்கே வந்தேன். அட, நமக்கு உடம்புல பலம் ஏறிடுச்சேன்னு நெனச்சேன். யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. பல் டாக்டர் காதுல பாட்டு ஓடிட்டிருந்துச்சு, இல்லேன்னா சொல்லியிருப்பேன்." சிரித்தார். "அதான் பார்த்தேன், பலம் அவ்வளவு சீக்கிரமாவா ஏறும்?"

அவர் போன பிறகு அக்கா திரையைப் பார்த்தாள். அந்த மனிதரின் தாடையை அளவுக்கு மேல் இழைத்திருந்தாள். பழைய படத்தை எடுத்து முதலிலிருந்து தொடங்கினாள்.

"எடுக்க முடியாது," என்றான் தம்பி. காரை டயர் கடைக்கு எதிரே நிறுத்தியிருந்தான். "இப்போ எடுத்தா, எதுக்கு எடுத்தான்னு கேப்பாங்க. ஏற்கெனவே ஒருத்தன் கமெண்ட்ல, 'இடது முனையில இருந்தது பெருசுதான், நான் அங்க இருந்தேன்'னு எழுதியிருக்கான். அவனை பிளாக் பண்ணியாச்சு. வேற ஒரு வழி யோசிச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை லைவ். டீச்சரைக் கூப்பிடுவோம். வந்து, கவனக்குறைவா இருந்துட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு சொல்லட்டும். நான் மன்னிச்சுட்டேன்னு சொல்றேன். பிளேட் மாட்டறது எப்படின்னு சொல்லித் தர்றேன். எல்லாரும் கை தட்டுவாங்க. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துல பிரச்சினை முடிஞ்சுது. நமக்கும் முடிஞ்சுது."

"நீ மன்னிக்கிறியா?"

"அதான் சொன்னேனே."

"எதுக்குடா மன்னிக்கிறே?"

தம்பி ஸ்டீயரிங்கில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டினான்.

"அக்கா, அவங்க மாட்டினது நிஜமாவே சின்ன சிவப்புதான்னு வெச்சுக்கோ. நான் அப்படித்தான் வெச்சிருக்கேன். அப்போதான் தூக்கம் வருது."

"நாமளே சொல்லிடலாம். முதுகு போச்சு, அதனால டம்மி வெச்சோம்னு சொன்னா புரிஞ்சுக்க மாட்டாங்களா?"

"யாரு? கமெண்ட்ல இருக்கறவனுங்களா?" என்றான். "நான் யாரை எல்லாம் திட்டியிருக்கேன்னு உனக்குத் தெரியாதா? பெஞ்சைத் துடைக்காதவனைக்கூட நான் விட்டதில்ல. என்னை விடுவானுங்களா? அவ்வளவு பேரும் வரிசையில நிக்கிறானுங்கக்கா." பிறகு, "அதோட, யோசனை யாருதுன்னும் கேப்பாங்க," என்றான்.

டீச்சருக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னது அக்காதான். டீச்சர் ரொம்ப நன்றி என்றார்.

ஞாயிறு காலை ஜிம் நிறைந்திருந்தது. உடைந்த கண்ணாடிக்குப் பதில் இன்னும் வேறு வரவில்லை. சுவரில் பசை காய்ந்த திட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. பல் டாக்டர் கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் வந்தால் நன்றாக இருக்கும் என்று தம்பிதான் அழைத்திருந்தான்.

டீச்சர் வெளுத்த ஷூவும் முழுக்கை டீ-ஷர்ட்டும் போட்டு வந்திருந்தார். கொண்டை வழக்கம்போல இருந்தது. அக்காவைப் பார்த்ததும், "ஒழுங்கா சொல்லிடுவேனாம்மா? மனப்பாடம் பண்ணிட்டேன்," என்றார்.

"சொல்லிடுவீங்க டீச்சர்."

அக்கா போனைத் தூக்கிப் பிடித்தாள். எந்த வீடியோவிலும் அவள் முகமோ குரலோ வந்ததில்லை. இருமியிருந்தால்கூட வெட்டிவிடுவாள். லைவில் வெட்ட முடியாது. அதனால் தொண்டையைச் சரி செய்துகொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

தம்பி முதலில் தூக்கினான். ராடின் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு பெரிய சிவப்பு. எல்லோரும் வருவதற்கு முன்பே மாட்டி வைத்திருந்தார்கள். அவன் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கை நடுங்கியது. நடுங்குவதை அவன் நன்றாகச் செய்வான். மூச்சை விட்டு ராடைத் தரையில் வைத்தபோது, சத்தம் வராமல் பார்த்து வைத்தான். கனத்தைத் தடாலென்று போடாமல் வைப்பது ஒழுங்கு என்று அதற்கும் ஒரு வீடியோ உண்டு. கை தட்டினார்கள். பல் டாக்டர் தொடையில் தட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு நம்மகூட ஒரு டீச்சர் இருக்காங்க," என்றான் தம்பி போனைப் பார்த்து. "வாங்க டீச்சர். எந்த வகுப்பு எடுக்கறீங்க?"

"பத்தாவது."

"பத்தாவதுல பெருசு சின்னது எல்லாம் வருமா, அதெல்லாம் ஒண்ணாவதோட முடிஞ்சுதா?"

ஜிம் சிரித்தது. போனில் சிரிக்கும் முகங்கள் வரிசையாக மேலே ஏறின. டீச்சரும் சிரித்தார். பிறகு மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னார்: கவனக்குறைவாக இருந்துவிட்டதாகவும், டாக்டரிடமும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பதாகவும். இடையில் ஒரு வரி மறந்து, முதலிலிருந்து சொன்னார்.

"போதும்ப்பா, விடு. கை சரியாயிடும்," என்றார் பல் டாக்டர்.

"இருங்க டாக்டர், கத்துக்கட்டும்." தம்பி சின்ன சிவப்பை எடுத்து நீட்டினான். "இது என்ன டீச்சர்?"

"சின்ன சிவப்பு."

"பின்னாடி கேக்கலையாம்."

"சின்ன சிவப்பு."

ராடில் இருந்த பெரியதைக் காட்டினான். "அது?"

"பெரிய சிவப்பு."

"அபாரம். பாஸ்." மீண்டும் கைதட்டல். "நான் மன்னிச்சுட்டேன், டாக்டர் மன்னிச்சுட்டார். நாளையிலிருந்து தைரியமா ஜிம்முக்கு வாங்க."

அங்கே டீச்சர் நன்றி சொல்லிவிட்டு நகர வேண்டும். அப்படித்தான் பேச்சு. அவர் நகரவில்லை.

"வரல தம்பி," என்றார். "உங்க மேல கோபம் எல்லாம் இல்ல. நானே யோசிச்சுத்தான். அன்னிக்கு என் கைல இருந்தது பெருசுன்னு நான் நிச்சயமா நம்பினேன். கண்ணும் கையும் சேர்ந்து பொய் சொல்லிச்சுன்னா, அப்புறம் இங்க நின்னு இன்னொருத்தருக்கு நான் எதை மாட்டினாலும் ஆபத்துதான். வகுப்பையும்கூட, நாளைக்கு அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே குடுத்துடலாம்னு இருக்கேன். தேர்வு விடைத்தாளைத் திருத்தும்போது இதே மாதிரி ஆச்சுன்னா?"

ஜிம்மில் யாரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் குனிந்து கட்டைச் சரி செய்துகொண்டார். போனில் மட்டும் சிவப்பு இதயங்கள் நிற்காமல் மேலே போய்க்கொண்டிருந்தன.

தம்பிக்குக் கொஞ்சம் தடுமாற்றம். ஆனால் அவன் இதில் பழையவன். "அது உங்க முடிவு டீச்சர், மதிக்கிறோம்," என்றான். உள்ளங்கைகளைத் தட்டிக்கொண்டான். "சரி. கடைசியா நம்ம வழக்கம் என்ன? எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க."

"எடுத்ததை எடுத்த இடத்துல வை," என்றது ஜிம்.

அவன் பிளேட்டைக் கழற்ற ராடை நோக்கிக் குனிந்தான். டீச்சர் வழிவிட்டு ஒதுங்கினார். ஒதுங்கும்போது தன் வலது கையை விரித்து, அது யாருடையதோ என்பதுபோல ஒரு முறை பார்த்தார்.

அக்கா போனை இறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போனாள். ராடும், தம்பியும், டீச்சரும் சேர்ந்து போன் திரைக்குள் வரும்படி நின்றாள். பிறகு, அதுவரை எந்த வீடியோவிலும் கேட்டிராத குரலில், அவசரமில்லாமல் சொன்னாள்:

"அவன் வேண்டாம் டீச்சர், நீங்களே கழட்டி வைங்க. பெரிய சிவப்புதான், அன்னிக்கு மாதிரியே ஒரு கையிலேயே வந்துடும்."